சாய்தலின் திசை: கடலூர், சிதம்பரம் சான்றுகள் வழி ஒரு சொற்பொருள் வரலாறு

முன்னுரை

புயலில் மரம் சாய்ந்தது, மழையில் பயிர் சாய்ந்தது, வெயிலில் நின்றவர் மயங்கிச் சாய்ந்தார் என மூன்று நிகழ்வுகளையும் ஒரே வினையால் குறிப்பது தமிழர் வழக்கு. ஆங்கிலத்தின் ‘டில்ட்’ என்னும் சொல்லுக்கு மருத்துவத் தமிழில் இவ்வினையும் இதன் பெயர்வடிவமான ‘சாய்வு’ என்பதும் நிகராக வழங்குகின்றன. இந்நிகர்ப்பாடு எந்த அளவுக்குப் பொருந்தும் என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. ஆங்கிலச் சொல் எத்திசையிலும் கோணம் மாறுவதைக் குறிக்கும். தமிழ் வினைக்கோ ஒரு திசை உண்டு. நின்றது தாழ்வதே சாய்தல். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தோடு தொடர்புடைய சிற்பம், பக்தி இலக்கியம், வேளாண் வழக்கு ஆகியவற்றின் துணையுடன் இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

நிமிர்விலிருந்து விலகுதலைக் குறிக்கும் சொற்கள்

நேர்நிலையிலிருந்து விலகுவதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. அவற்றுள் ‘கோடு’ என்னும் வினை வளைதலையும் நடுநிலை பிறழ்தலையும் ஒருங்கே உணர்த்தும். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் துலாக்கோலை உவமையாக்கிக் கோடாமையை வலியுறுத்துகிறது. முறை தவறிய ஆட்சி வளைந்த கோலாகக் கருதப்பட்டுக் ‘கொடுங்கோல்’ எனப்பட்டது. ‘கூன்’ என்பது உடலில் நிலைத்துவிட்ட வளைவு. ‘முடங்கு’ என்பது மடங்கிச் செயலற்றுப் போதல். இவற்றோடு ஒப்பிட, ‘சாய்’ என்பதில் குற்றப்பொருள் கட்டாயமன்று. களைத்தவர் சுவரில் சாய்வதும் குழந்தை தாயின் தோளில் சாய்வதும் ஓய்வும் ஆதரவும் ஆகும். குற்றம் இல்லாத இடத்திலும் திசை மாறுவதில்லை. சாய்பவர் நிமிர்ந்த நிலையை விட்டே சாய்கிறார்.

சிதம்பரத்துச் சிற்பங்கள்

சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்கு, மேற்குக் கோபுர வாயில்களில் 108 கரணங்களைக் காட்டும் சிற்பங்கள், பரதரின் நாட்டிய சாத்திரச் செய்யுட்களோடு பொறிக்கப்பட்டுள்ளன. கரணங்கள் அந்நூலின் நான்காம் இயலில் கூறப்படுவன. தலையசைவுகளைப் பற்றி எட்டாம் இயல் பேசுகிறது. அங்குக் கூறப்படும் 13 தலைநிலைகளுள் ‘அஞ்சிதம்’ என்பது கழுத்தை ஒருபுறம் சிறிது சாய்ப்பதாகும். நோய், மயக்கம், கள்வெறி, கவலை, துயரம் ஆகியவற்றை நடித்துக் காட்ட அது பயன்படும். ஒரே சாய்வு உடல்நோய்க்கும் மனநோவுக்கும் குறியாவதை இந்நூல் தெளிவாகக் காட்டுகிறது.

நடராசர் திருவுருவத்தில் தூக்கி வளைத்த இடத்திருவடி ‘குஞ்சிதபாதம்’ எனப்படுகிறது. ‘குஞ்சிதம்’ என்பதன் பொருள் வளைந்தது என்பதே. அவ்வளைவு வழிபாட்டுக்குரியது. ஊன்றிய வலத்திருவடியின் கீழ்க் கிடப்பவன் முயலகன். அப்பெயர் தமிழில் வலிப்பு நோய்க்கும் வழங்குகிறது. அவனைக் குறிக்கும் ‘அபஸ்மாரம்’ என்னும் வடசொல்லுக்கும் அந்நோயே பொருள். கொல்லி மழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்னும் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் ஞானசம்பந்தர் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. ஆக, ஒரே திருவுருவில் உயர்ந்த வளைவும் வீழ்ந்த உடலும் அருகருகே அமைந்துள்ளன. இவற்றை வேறுபடுத்துவது வளைவின் அளவு அன்று, அதன் திசையே.

கூன் நிமிர்தலும் முடக்கம் நீங்கலும்

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம் சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. ஞானசம்பந்தரின் பதிகத்தால் பாண்டியனின் கூன் நிமிர்ந்ததாகவும் அதன்பின் அவன் நெடுமாறன் எனப் புகழ்பெற்றதாகவும் அந்நூல் வழியே அறிகிறோம். உடலின் நிமிர்வும் கோலின் செம்மையும் அக்கதையில் இணைந்தே வருகின்றன.

திருநாவுக்கரசரின் வரலாறு கடலூர் மாவட்டத்து நிலப்பரப்பிலேயே நிகழ்கிறது. இன்றைய திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதியிலிருந்த சமணப் பள்ளியில் தருமசேனராக விளங்கிய அவரைச் சூலைநோய் பற்றியது. அவர் தமக்கை திலகவதியாரை நாடித் திருவதிகை சேர்ந்து, அங்குத் தம் முதற்பதிகத்தைப் பாடினார். வயிற்றுள் குடரோடு பிணைந்து தம்மை முடக்கும் வலியை அதில் அவர் முறையிடுகிறார். இங்கு ஆளப்பெறும் ‘முடக்கு’ பிறவினை. நோய் வினைமுதலாக, உடல் அதற்கு உட்படுகிறது. பிற்கால வழக்கிலுள்ள ‘முடக்குவாதம்’ என்னும் நோய்ப்பெயரும் அதற்கு மருந்தாகும் ‘முடக்கறுத்தான்’ என்னும் கொடியின் பெயரும் இப்பொருளைத் தொடர்கின்றன.

நிலத்தின் வழக்கு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் பெருமளவில் சாய்ந்தன. புதுக்கன்று நட்டு மீண்டும் முழுப்பயன் காணப் பல ஆண்டுகள் தேவைப்படும் மரங்கள் அவை. அங்குச் ‘சாய்ந்தது’ என்பது ஒரு குடும்பத்தின் வருவாய் நின்றுபோனதையும் உள்ளடக்கிய சொல்.

வீராணம் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்லுக்கும் இதே வினைதான் வழங்குகிறது. இளம்பயிர் சாய்ந்தால் தண்டின் கணுக்கள் வளைந்து மீண்டும் மேலெழக்கூடும். கதிர் முற்றியபின் சாய்ந்தால் அது எழுவதில்லை. நீரில் கிடந்த மணி முளைத்துவிடும். எனவே பயிர் சாய்ந்தது என்றவுடன், அது எப்பருவத்துப் பயிர் என்ற வினா எழுகிறது. மீளக்கூடிய விலகலையும் நிலைத்த விலகலையும் பிரித்தறியும் இப்பார்வை மருத்துவத்திலும் உண்டு. முதுகெலும்பின் பக்கவளைவில், நிற்கும் முறையால் தோன்றி மறைவது வேறு, எலும்பின் அமைப்பே திரிந்து நிலைப்பது வேறு.

மருத்துவச் சோதனையில் சொல்லின் திசை

அடிக்கடி மயங்கி விழுவோருக்குச் செய்யப்படும் ‘டில்ட்’ மேசைச் சோதனை மயக்க நோயறிதலில் 1986 முதல் இடம்பெற்றது. நோயாளியை மேசையில் கிடத்திப் பட்டைகளால் பிணைத்துச் சிறிது நேரம் கழித்து 60 முதல் 70 பாகை வரை தலைப்பக்கம் உயர்த்துவர். குருதி கால்களை நோக்கி இறங்கும். நலமான உடல் குருதிநாளங்களைச் சுருக்கியும் நாடித்துடிப்பைக் கூட்டியும் ஈடுசெய்யும். அது தவறினால் குருதியழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரும். மேசையை மீண்டும் கிடைநிலைக்குக் கொணர்ந்ததும் நினைவு திரும்பும்.

இச்சோதனையைச் ‘சாய்வு மேசைச் சோதனை’ எனப் பெயர்த்தால் மேசை நிற்கும் கோணத்துக்கு அப்பெயர் பொருந்தும். ஏனெனில் ‘சாய்வு’ என்னும் பெயர்ச்சொல் நிலையை மட்டுமே குறிக்க வல்லது. சாய்தளத்தில் ஏறவும் இறங்கவும் முடிகிறது. ஆனால் ‘உங்களைச் சாய்ப்போம்’ என்று நோயாளியிடம் கூறினால் பொருள் தலைகீழாகிறது. மருத்துவர் செய்வது நிமிர்த்தல். நோயாளி கேட்பது கிடத்தல். மயக்கத்துக்கு அஞ்சி வந்தவர், எந்நிலையில் தமக்கு மயக்கம் வரக்கூடும் என்பதையே தவறாக விளங்கிக்கொள்வார். அவர் தரும் இசைவும் அப்பிழையான புரிதலின்மேல் அமையும்.

முடிவுரை

தமிழில் ‘சாய்’ என்னும் வினை நிமிர்விலிருந்து தாழ்வு நோக்கிய இயக்கம்; ‘கோடு’, ‘கூன்’, ‘முடங்கு’ என்பன முறையே பிறழ்வையும் நிலைத்த வளைவையும் செயலிழப்பையும் சுட்டுவன. கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கிலச் சொல் ஒன்றுக்குத் தமிழ்ச்சொல் ஒன்று என நிறுத்தாமல், எதிலிருந்து எதை நோக்கிய இயக்கம், மீளக்கூடியதா, செய்வது யார் என்னும் மூன்றையும் நோக்க வேண்டும். அவ்வகையில் மேற்குறித்த சோதனைக்கு ‘நிமிர்த்து மேசைச் சோதனை’ என்பதே பொருத்தமான பெயர் எனலாம். பயிர் சாய்ந்ததும் அதன் பருவத்தை வினவும் உழவரின் நுட்பம் இச்சொல்லாக்கத்துக்கும் தேவை.