சிறுகுடலின் அமைப்பும் சத்துகள் உறிஞ்சப்படுதலும்

உண்ணும் உணவிலுள்ள சத்துகளில் பெரும்பகுதி உடலில் சேருமிடம் சிறுகுடலாகும். அதன் அமைப்பு சிதைவுற்றால், போதிய அளவு உண்டாலும் சத்துக்குறைவு ஏற்படலாம்.

அமைப்பு

பெரியவர்களின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. அதன் உட்சுவரின் பரப்பு மூன்று வகைகளில் பெருகுகிறது.

• வட்ட மடிப்புகள்: உணவுக்கூழ் விரைந்து நகராமல் தாமதப்படுத்துகின்றன.
• குடலுறிஞ்சிகள்: மடிப்புகளின் மேலுள்ள, விரல் போன்ற மிகச்சிறிய நீட்சிகள். ஒவ்வொன்றிலும் இரத்த நுண்நாளங்களும் நிணநீர் நாளமும் உள்ளன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைகின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர் வழியே செல்கிறது.
• நுண்ணுறிஞ்சிகள்: குடலுறிஞ்சிகளைப் போர்த்தியுள்ள செல்களின் மேற்பரப்பில் அமைந்தவை. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி இங்குதான் உள்ளது.

பகுதிகளும் பணிகளும்

• முன்சிறுகுடல்: இரும்புச்சத்து பெரும்பாலும் இங்கு உறிஞ்சப்படுகிறது. பித்தநீரும் கணையநீரும் இங்கு உணவுடன் கலக்கின்றன.
• நடுச்சிறுகுடல்: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவை செரித்த பின் பெருமளவு உறிஞ்சப்படும் பகுதி.
• பின்சிறுகுடலின் இறுதிப் பகுதி: வைட்டமின் பி12, பித்த உப்புகள் ஆகியவற்றை உறிஞ்சுகிறது.

அமைப்பு பாதிக்கப்படும்போது

சீலியாக் நோயில், கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்துக்கு எதிரான நோயெதிர்ப்பு வினையால் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இதனால் இரத்தசோகை தோன்றலாம். குளூட்டனை முற்றிலும் தவிர்த்தால் குடலுறிஞ்சிகள் மீண்டும் வளரும். இதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ரவை, மைதா ஆகியவையும் கோதுமையே. கடையில் விற்கப்படும் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு.

குடல் காசநோயும் குரோன் நோயும் பெரும்பாலும் பின்சிறுகுடலின் இறுதிப் பகுதியைத் தாக்குகின்றன. அப்பகுதி அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டவர்களுக்கு வைட்டமின் பி12 ஊசி தொடர்ந்து தேவைப்படலாம்.

கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் சில குழந்தைகளுக்கு லாக்டேஸ் தற்காலிகமாகக் குறையும். இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்துதல் கூடாது.

மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• நீடித்த வயிற்றுப்போக்கு
• காரணமற்ற எடைக்குறைவு
• குழந்தையின் வளர்ச்சி தடைப்படுதல்
• மாத்திரை உட்கொண்டும் சீராகாத இரத்தசோகை
• கை, கால் மரத்துப்போதல்

கவனத்திற்கு: சீலியாக் நோய்க்கான பரிசோதனை முடியும் முன்னரே கோதுமை உணவைத் தாமாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினால், நோய் இருந்தும் இல்லை என முடிவு வரக்கூடும்.