வெள்ளை ஜிப்பாவும் கறுத்த முகமும்

போன கிழமை பிள்ளைகளோடு இருந்து, மீள்குடியேறிய காலத்துக் கலியாண வீடியோ ஒன்றைப் பார்த்தோம். மாப்பிள்ளையின் தொப்பியும் ஜிப்பாவும் பளிச்சென்று இருக்கின்றன. முகம் மட்டும் இருட்டு. கமரா திரும்பத் திரும்ப படம் ஒருக்கா வெளுக்கிறது, ஒருக்கா கறுக்கிறது. "வீடியோ எடுத்தவருக்கு வெளிச்சம் செட் பண்ணத் தெரியாதா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

தெரியாமல் இல்லை, கமரா விடவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தோம்.

டிஎஸ்எல்ஆர் போட்டோ கமராவில் வீடியோ வந்தது 2008இல். ஓகஸ்டில் நிக்கோன் டி90, செப்டெம்பரில் கெனன் 5டி மார்க் 2. போட்டோ எடுக்கும்போது எல்லாவற்றையும் கையால் மாற்றலாம். வீடியோவுக்குப் போனால் வெளிச்சத்தைக் கமராவே தீர்மானிக்கும். அதற்கு முகம், உடுப்பு என்ற வித்தியாசம் தெரியாது. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை கூடினால் முழுப் படத்தையும் இருட்டாக்கும். நிக்காஹ் மஜ்லிஸில் வெள்ளையைத் தவிர வேறென்ன இருக்கிறது?

படம் எடுப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. கெனன் கமராவில் வளையம் ஒன்றைப் பூட்டி, பழைய நிக்கோன் லென்ஸைப் போட்டார்கள். அதன் துவாரத்தைக் கையால் திருப்பலாம், கமராவால் தொட முடியாது. கெனன் லென்ஸ்தான் இருக்கிறதென்றால் இன்னொரு வழி: துவாரத்தைச் சுருக்கிக் காட்டும் பொத்தானை அமத்திக்கொண்டே லென்ஸைக் கொஞ்சம் கழற்றுவது. மின்தொடர்பு அறுந்து, துவாரம் அப்படியே நின்றுவிடும். (கை தவறினால் லென்ஸ் நிலத்தில்!) மற்றது, வெளிச்சமான இடத்தையோ இருட்டான இடத்தையோ காட்டி, வேண்டிய அளவு வந்ததும் நட்சத்திரப் பொத்தானால் பூட்டுவது.

2009 ஜூனில் கெனன் இறங்கிவந்து, 5டி மார்க் 2க்குக் கையால் மாற்றும் வசதியை மென்பொருளாகக் கொடுத்தது. அதே ஆண்டு ட்ரம்மல் ஹட்சன் என்பவர் மேஜிக் லான்டர்ன் என்ற மென்பொருளை எழுதி, கம்பனி தராததையும் திறந்துவிட்டார். 2012இல் வந்த 'வழக்கு எண் 18/9' படத்தையே கெனன் 7டியில் எடுத்தார்கள்.

அந்த 2009 ஜூனில் வன்னிச் சனம் செட்டிகுளம் முகாம்களில். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முல்லைத்தீவு, கிளிநொச்சி முஸ்லிம்களில் பெரும்பகுதி இன்னும் புத்தளத்தில். எங்களுக்குக் கமரா பின்னர்தான் வந்தது, அதுவும் கைமாறிய கமரா. கெனன் 500டி போன்றவற்றுக்கு அந்த ஜூன் மாத வசதி கிடைக்கவேயில்லை. போதாததற்கு டியூப் லைட். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; ஷட்டர் 50இல் ஒன்றிலோ 100இல் ஒன்றிலோ நின்றால்தான் படம் துடிக்காது. கமரா தன்பாட்டுக்கு வேறெதையாவது தெரிவுசெய்யும்.

எங்கள் பக்கத்து வீடியோக்காரத் தம்பிமார் கண்ட வழி லேசானது. முதலில் கிட்டப்போய் முகத்தை மட்டும் திரை நிறையக் காட்டி, பூட்டிவிட்டுப் பின்னால் வருவது. ஜிப்பா வெளுத்துப் போகும், போகட்டும்.

அந்த வீடியோவிலும் பாதிக்குப் பிறகு அப்படித்தான் செய்திருக்கிறார். அதில்தான் மாப்பிள்ளையின் வாப்பா முகம் தெளிவாகத் தெரிகிறது. அவர் இப்போது இல்லை. 90க்கு முந்திய அல்பங்கள் வீட்டோடு போனதால், அந்தக் குடும்பத்திடம் இருக்கும் அவருடைய முகம் இதுதான்.

இப்படியான பழைய சீடிகள் வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள், பிரதி எடுத்துத் தருகிறோம். இருட்டான முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கலாம். முற்றாக வெளுத்ததை மீட்க முடியாது.