சோழமண்டலத் துணியும் சீமை வெள்ளியும்

இன்றைய கடலூர் மாவட்டத்தின் கரையிலுள்ள கடலூரும் பரங்கிப்பேட்டையும், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பருத்தித் துணி ஏற்றுமதியில் சிறந்த துறைமுகங்களாக விளங்கின. ஐரோப்பியச் சரக்குகளுக்கு இங்கே போதிய தேவை இல்லாததால், 1690இல் செஞ்சி மராட்டியரிடமிருந்து புனித டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, துணியின் விலையைப் பெரும்பாலும் வெள்ளியாகவே செலுத்த நேர்ந்தது. இறக்குமதி மதிப்பு ஏற்றுமதி மதிப்பை விஞ்சும் நிலையான வணிகப் பற்றாக்குறை, அந்த வாணிபத்தில் இங்கிலாந்தின் பக்கமே இருந்தது. வெள்ளி வெளியேறுவதற்கு எழுந்த எதிர்ப்பும் அந்நாட்டு நெசவாளரின் கிளர்ச்சியும் சேர்ந்து, இந்தியத் துணியைத் தடுக்கும் காலிகோ சட்டங்களை 1700இலும் 1721இலும் கொண்டுவந்தன.

பின்னர் நீராவி ஆலைகள் பெருகி, 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் இந்திய வணிகத்தில் கம்பெனியின் தனியுரிமையை நீக்கியதும், லங்காஷயர் ஆலைத்துணி இந்தியச் சந்தையை நிறைக்க, பஞ்சு, அவுரி போன்ற மூலப்பொருள்கள் ஏற்றுமதியில் முன்னுக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவின் ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சியபோதும், அந்த உபரி நாட்டு மக்களை அடையாமல், லண்டனுக்குச் செலுத்தவேண்டிய நிர்வாகச் செலவுக்கும் கடன்வட்டிக்குமாக வடிந்து சென்றதைத் தாதாபாய் நௌரோஜி எடுத்துக்காட்டினார். ஆகவே ஒரு நாட்டின் வளத்தை அளக்க உபரியும் பற்றாக்குறையும் மட்டும் போதா. அது எதை விற்கிறது, விற்ற பணம் யாரைச் சேர்கிறது என்பவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.