மண்ணுக்குள்ள பிளாஸ்டிக் செய்யும் பாக்டீரியா... கோடிக்கணக்கில் ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

நாம் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலும் இயற்கை எரிவாயுவிலும் இருந்து வருகிறது. ஆனால் மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள், பிளாஸ்டிக் போன்ற ஒரு பொருளைத் தங்கள் உடம்புக்குள்ளேயே தயாரிக்கின்றன. அது மண்ணில் மக்கியும் போகும். அப்புறம் ஏன் இன்னும் எல்லாக் கடைக்கும் வரல? விடை, அந்தப் பாக்டீரியாவைத் தேடும் முறையிலேயே இருக்கிறது.

பாக்டீரியா ஏன் பிளாஸ்டிக் செய்யுது?

சாப்பாடு மிஞ்சினால் நம் உடம்பு கொழுப்பாகச் சேர்த்து வைக்கும் இல்லையா? அதே கதைதான் இங்கேயும். சர்க்கரை, எண்ணெய் போன்ற கார்பன் உணவு நிறைய இருந்து, நைட்ரஜன் சத்து குறைந்துவிட்டால் பாக்டீரியாவால் பெருக முடியாது. அப்போது மிச்சமான கார்பனைச் சின்னச் சின்ன உருண்டைகளாகச் செல்லுக்குள் சேமிக்கும். பஞ்ச காலத்தில் அதைக் கரைத்துப் பிழைத்துக்கொள்ளும்.

இந்த உருண்டைகளில் அதிகம் பேசப்படுவது பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட், சுருக்கமாக பி.எச்.பி. இதை 1926ல் பிரான்ஸின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த மாரிஸ் லெமுவான், 'பேசில்லஸ் மெகாடீரியம்' என்ற பாக்டீரியாவில் அடையாளம் கண்டார். 'குப்ரியாவிடஸ் நெகேட்டர்' என்ற இன்னொரு மண் பாக்டீரியா, தன் உலர் எடையில் 80 சதவீதம் வரை இதைச் சேர்த்து வைக்கும்!

எந்த மண்ணை எடுப்பாங்க?

கார்பன் மிஞ்சிக் கிடக்கும் இடமே நல்ல வேட்டைக்களம். சர்க்கரை ஆலை, பால் பண்ணைக் கழிவு தேங்கும் இடம், எண்ணெய் கசிந்த மண், செடிகளின் வேர்ப்பகுதி ஆகியவற்றில் மாதிரி எடுப்பார்கள்.

தேடல் எப்படி நடக்குது?

1. ஒரு கிராம் மண்ணிலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும். அதனால் 1 கிராம் மண்ணை உப்புக் கரைசலில் கலந்து, பத்து பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போவார்கள். பேசில்லஸ் வகைதான் வேண்டும் என்றால், கரைசலை 80 டிகிரி செல்சியஸில் சுமார் 10 நிமிடம் சூடாக்குவார்கள். மற்றவை பெரும்பாலும் செத்துவிடும், வெப்பம் தாங்கும் விதைத்துகள் உள்ளவை தப்பிக்கும்.

2. சர்க்கரை அதிகம், நைட்ரஜன் குறைவு என்ற அகார் தட்டில் வளர்ப்பார்கள். வேண்டுமென்றே பஞ்சத்தை உருவாக்குவது இந்தக் கட்டம்தான்.

3. அடுத்து சாயச் சோதனை. 'சூடான் பிளாக்' சாயத்தை ஊற்றி ஆல்கஹாலில் கழுவினால், உருண்டை சேர்த்த கூட்டங்கள் மட்டும் கருநீலமாக நிற்கும். 'நைல் ரெட்' சாயத்தை அகாரிலேயே கலந்துவிட்டால், புற ஊதா ஒளியில் அவை ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். பாக்டீரியாவும் உயிரோடு இருக்கும்.

4. இங்கேதான் உஷாரா இருக்கணும். சாதாரணக் கொழுப்பும் இந்தச் சாயங்களைப் பிடித்துக்கொள்ளும். அதனால் குளோரோஃபார்மில் பொருளைப் பிரித்தெடுத்து, கேஸ் குரோமட்டோகிராஃபி கருவியில் உறுதி செய்வார்கள். பி.எச்.பி.யைத் தயாரிக்கும் மரபணு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அப்புறம் என்ன சிக்கல்?

விலை! 1990ல் ஜெர்மனியில் இந்த வகைப் பொருளால் ஆன ஷாம்பு பாட்டில் விற்பனைக்கே வந்தது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'பயோபோல்' என்ற பெயரில் தயாரித்த பிளாஸ்டிக் அது. ஆனால் பெட்ரோலியப் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு விலை என்பதால் சந்தையைப் பிடிக்க முடியல.

செலவில் பெரும் பங்கு பாக்டீரியாவின் சாப்பாட்டுக்கே போகிறது. சுத்தமான குளுக்கோஸ் கொடுத்தால் கட்டுப்படியாகாது. செல்லை உடைத்துப் பொருளைப் பிரிப்பதும் தனிச் செலவு. போதாக்குறைக்கு, தனி பி.எச்.பி. எளிதில் உடையும். அதை வளையச் செய்ய வேலரேட் என்ற இன்னொரு அலகையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் இன்றைய தேடலில் கேள்வியே வேற. 'பி.எச்.பி. செய்யுமா' என்பதோடு நிற்காமல், 'மொலாசஸ், பால் கழிவுநீர், பயன்படுத்திய சமையல் எண்ணெய் மாதிரி மலிவான கழிவைத் தின்று செய்யுமா? வேகமாக வளருமா?' என்றும் பார்க்கிறார்கள். சாயத்தில் பளிச்சென்று ஒளிர்ந்த பாக்டீரியாக்களில் பலவும் இந்தக் கேள்விகளில்தான் தோற்றுப்போகின்றன.

உண்மையிலேயே மக்குமா?

மக்கும். காரணம், பி.எச்.பி.யை உடைக்கும் நொதி கொண்ட நுண்ணுயிரிகள் மண்ணிலும் கடலிலும் இருக்கின்றன. ஆனால் எத்தனை நாளில் என்பது தடிமன், ஈரம், வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது. மெல்லிய தாள் சீக்கிரம் மக்கும், கெட்டியான பாட்டில் அதிக காலம் எடுக்கும். 'பயோ' என்று எழுதியிருக்கும் எல்லாமும் இப்படி மக்காது. உதாரணமாக, சோள மாவுச்சத்தில் இருந்தும் தயாராகும் பி.எல்.ஏ. வகை, தொழிற்சாலை உரக்கூடத்தின் சூட்டில்தான் நன்றாக மக்கும். அதனால் பையை வாங்கும்போது 'எதிலிருந்து செஞ்சது' என்பதோடு, 'எங்கே போட்டா மக்கும்' என்றும் கேளுங்க.