விண்வெளியில் கந்தகம் கண்ட கதை

தீக்குச்சியை உரசியதும் எழும் நெடியையும் அழுகிய முட்டையின் நாற்றத்தையும் நம் மாணவர்கள் நன்கு அறிவர். இரண்டுக்கும் காரணம் கந்தகமே. அக்கந்தகம் விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் வளிம முகில்களிலும் உண்டு. முகர்ந்து பார்க்க இயலாத தொலைவில் இருப்பதை மனிதன் எவ்வாறு அறிந்தான்?

வளிமத்திலுள்ள மூலக்கூறுகள் ஓயாது சுழல்கின்றன. அவை விரும்பிய வேகத்தில் எல்லாம் சுழல்வதில்லை. அவற்றின் வேகம் படிக்கட்டு போன்றது. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது, கந்தக மூலக்கூறு ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைநீளங்களில் வானொலி அலையை வெளியிடுகிறது. அது அம்மூலக்கூறின் கைரேகை. ஆய்வகத்தில் அளந்த கைரேகையோடு வானிலிருந்து வரும் அலை பொருந்தினால் ஐயம் நீங்கும்.

1971ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கிட் பீக் மலையில் இருந்த 11 மீட்டர் வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு பென்சியாஸ், சாலமன், வில்சன், ஜெஃபர்ட்ஸ் ஆகிய நால்வரும் கார்பன் மோனோசல்பைடைக் கண்டறிந்தனர். அவர்கள் பிடித்த அலையின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். விண்மீனிடை வெளியில் முதலில் அறியப்பட்ட கந்தக மூலக்கூறு இதுவே. அழுகிய முட்டை நாற்றத்திற்குக் காரணமான ஐதரசன் சல்பைடு 1972இல் அறியப்பட்டது. 1973இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி தயோபார்மால்டிகைடைக் காட்டியது. 1975இல் கந்தக டைஆக்சைடும் பட்டியலில் சேர்ந்தது.

பட்டியல் நீண்டபோது புதிர் ஒன்றும் முளைத்தது. சூரியனில் ஏறத்தாழ 75,000 ஐதரசன் அணுக்களுக்கு ஒரு கந்தக அணு உள்ளது. செறிந்த குளிர் முகில்களிலும் அதே விகிதத்தை எதிர்பார்க்கிறோம். ஆனால் அங்கே கண்ட கந்தக மூலக்கூறுகளை எல்லாம் கூட்டினாலும் அதில் மிகச் சிறு பங்கே தேறுகிறது. எஞ்சியது தூசித் துகள்களிலும் அவற்றின் மேல் படிந்த பனியிலும் ஒளிந்திருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. பனியிலும் சிறிதளவு கந்தகச் சேர்மங்கள் காணப்பட்டுள்ளன. ஆயினும் கணக்கு இன்னும் நேராகவில்லை.

இது நம்மோடு தொடர்பற்ற செய்தியன்று. நம் உடலின் புரதங்களில் உள்ள மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய அமினோ அமிலங்களில் கந்தகம் இருக்கிறது. சூரியனும் பூமியும் அத்தகைய முகில் ஒன்றிலிருந்தே பிறந்தவை. ஆகவே, காணாமற்போன கந்தகத்தைத் தேடுவது நம் உடலின் முன்கதையைத் தேடுவதே ஆகும்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! விடைப்பட்டியலில் இல்லாத வினாவைப் பிள்ளை கேட்டால் நாம் தயங்க வேண்டியதில்லை. "இதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை" என்று சொல்வதும் அறிவியல் பாடமே. அவ்விடையைத் தேடிப் புறப்படும் பிள்ளை நம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம்.