ஐந்து வாக்கியச் சான்று: ஓபியாய்டுப் பேரிடரில் ஆய்வுலகின் பங்கு

போதைக்கு அடிமையாவதை மனவலிமைக் குறைவாகவோ கடத்தல்காரர்களின் கைவரிசையாகவோ மட்டும் பார்க்கும் வழக்கம் ஆய்வெழுத்திலும் வேரூன்றியிருக்கிறது. மார்பின் வகை வலிநீக்கிகளான ஓபியாய்டுகளால் அமெரிக்காவில் நேர்ந்த பேரிடரை இவ்விரண்டையும் வைத்து விளக்கிவிட முடியாது. அது மருத்துவரின் மருந்துச்சீட்டில் தொடங்கியது. அந்தச் சீட்டை எழுதும் துணிவைத் தந்ததில் ஆய்வுலகுக்கும் பங்குண்டு என்பதே என் வாதம்.

1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்கு ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும் ஒரு கடிதம் எழுதினர். மொத்தமே ஐந்து வாக்கியங்கள். மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களிடையே நால்வருக்கே அடிமைநிலை பதிவானது என்றது கடிதம். அவர்கள் அனைவரும் உள்நோயாளிகள். வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2017இல் அதே இதழில் வெளியான மேற்கோள் ஆய்வு, அக்கடிதத்தைச் சுட்டிய 608 எழுத்துகளைத் திரட்டியது. அவற்றுள் 439, அடிமையாவது அரிது என்பதற்கு அதையே சான்றாக்கின. 491, அவர்கள் உள்நோயாளிகள் என்பதைக் குறிப்பிடவே இல்லை. எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த ஐந்து வாக்கியங்களையும் படித்திருப்பார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 1996இல் பர்டியூ மருந்து நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை, அடிமையாவது அரிது என்ற இந்த நம்பிக்கையின் மேல்தான் விற்றது. பன்னிரண்டு மணிநேரம் மெல்லக் கசிய வேண்டிய மருந்து, மாத்திரையைப் பொடித்தால் ஒரே மூச்சில் உடலுக்குள் இறங்கியது. 2007இல் பர்டியூவின் இணை நிறுவனம் ஒன்று, அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக்காட்டி விற்றதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இந்த அபாயத்தின் வேர் உடலிலேயே இருக்கிறது: ஓபியாய்டு பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் வலியுணர்வின் பாதையில் மட்டுமல்ல, மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன. நாள்பட உடல் பழகிவிடும். அதே நிம்மதிக்கு அளவைக் கூட்டவேண்டி வரும். நிறுத்தினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் குடையும் வலி. சில வாரங்கள் விட்டிருந்தவர் திரும்பவும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்தும் மறுவாழ்வு மையத்திலிருந்தும் வெளிவரும் முதல் வாரங்கள் அதனால்தான் மிக ஆபத்தானவை.

மருந்தின் வரத்தை அடைத்தால் போதும் என்ற எண்ணமும் இங்கேதான் இடறுகிறது. 2010இல் ஆக்சிகான்டின் எளிதில் பொடிக்க முடியாத வடிவத்துக்கு மாறியதும், பழகிப்போன பலர் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 முதல் ஹெராயினில் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு கலந்தது. மார்பினைப்போல் சுமார் நூறு மடங்கு வீரியம் கொண்டது அது. 2021இல் அமெரிக்காவில் அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மருந்தை மட்டும் பறித்து, பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன் போன்ற சிகிச்சைகளைப் போதிய அளவில் தராமல் விட்டதும் இந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம்.

இதைப் படிப்பவர் ஓபியாய்டையே ஒதுக்கிவிடக் கூடாது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மருத்துவமனைகளுக்கு மார்பின் கிடைப்பதே அரிதாகி, புற்றுநோயாளிகள் பலர் வலியில் துடித்தே இறந்தார்கள். 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஓபியாய்டின் பாதுகாப்பைப் பற்றியோ அபாயத்தைப் பற்றியோ கட்டுரை எழுதுபவர் எவராயினும், தாம் காட்டும் சான்று யாரிடம், எங்கே, எவ்வளவு காலம் திரட்டப்பட்டது என்பதை அதே வரியில் சொல்லவேண்டும். சொல்லாத கட்டுரையை மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்பவேண்டும்.