பேரழிவுக்குப் பிந்தைய இளையோர் புனைவு

போர், அணுகுண்டு, கொள்ளைநோய், ஆழிப்பேரலை என ஏதோ ஒன்று ஊரைத் துடைத்தெடுத்துவிட, எஞ்சிய பதின் வயதினர் தாங்களே சோறும் கூரையும் தேடிப் பிழைப்பதைச் சொல்லும் நாவல் வகை. பெரும்பாலும் 12 முதல் 18 வயது வரையுள்ள வாசகர்களுக்காக எழுதப்படுவது. இதில் பெற்றோர் இறந்திருப்பார்கள், அல்லது தொலைவில் சிக்கியிருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தால் முடிவெடுக்கும் பொறுப்பு பிள்ளைகளின் தலையில் விழாது, கதையும் நகராது.

தோற்றம்

கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய சிறுவர்களின் கதைகளே இதற்கு முன்னோடி. ஆர். எம். பாலன்டைன் 1857-இல் எழுதிய ‘தி கோரல் ஐலண்ட்’ நாவலில் மூன்று பையன்கள் தீவில் நல்லபடியாகவே வாழ்கிறார்கள். பள்ளி ஆசிரியராக இருந்த வில்லியம் கோல்டிங் அந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கினார். 1954-இல் வந்த அவருடைய ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ நாவலில், போர்க்காலத்தில் விமானம் விழுந்து தீவில் சிக்கிய சிறுவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடத் தொடங்குகிறார்கள்.

நிஜத்தில் நடந்தது வேறு. 1965-இல் டோங்கா நாட்டின் விடுதிப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் படகில் போய் அட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினர். மூட்டிய நெருப்பை அணையவிடவில்லை. மரத்தண்டைக் குடைந்து மழைநீர் சேர்த்தனர். கால் முறிந்த நண்பனுக்குக் கட்டுப் போட்டுக் குணமாக்கினர். சுமார் 15 மாதங்கள் கழித்து, 1966-இல் ஆஸ்திரேலிய மாலுமி பீட்டர் வார்னர் அவர்களை மீட்டார்.

அணு அச்சமும் அதன் பிறகும்

பனிப்போர்க் காலம் இந்த வகைக்கு உரமானது. ராபர்ட் ஓ’பிரையனின் ‘இசட் ஃபார் சக்கரையா’ 1974-இல் வெளியானது. அணுப்போருக்குப் பின் ஒரு பள்ளத்தாக்கில் தனியாகப் பயிர் செய்து பிழைக்கும் ஆன் பர்டன் என்ற பெண்ணின் நாட்குறிப்பாக அது அமைந்தது. ஆசிரியர் 1973-இல் இறந்துவிட, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மனைவியும் மகளும் நாவலை முடித்தனர். ஜெர்மனியில் குட்ருன் பௌசவாங் 1983-இலும், பிரிட்டனில் ராபர்ட் ஸ்விண்டல்ஸ் 1984-இலும் இதே அச்சத்தை எழுதினர். 1993-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் மார்ஸ்டன், அந்நியப் படையெடுப்பில் சிக்கிய பள்ளி மாணவர்களைக் கொண்டு ஏழு நாவல்கள் கொண்ட வரிசையைத் தொடங்கினார்.

சுசான் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008-இல் வந்த பின் இந்த நாவல் வகை உலகச் சந்தையின் பெரிய சரக்காகிவிட்டது.

தமிழர் எழுத்தில்

மேற்கத்திய நாவல்களில் பேரழிவு பெரும்பாலும் வரப்போகும் ஒன்று. தமிழருக்கு அது வந்துபோன ஒன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னையில் பிறந்து கடலியல் ஆய்வாளராக இருந்த பத்மா வெங்கட்ராமன் அந்த அலையை இளையோர் நாவலுக்குள் கொண்டுவந்தார். ‘ஐலண்ட்ஸ் எண்ட்’ (2011) நாவலில் அந்தமான் பழங்குடிச் சிறுமி உய்டோ தன் மக்களை மேட்டுநிலத்துக்கு அழைத்துச் செல்கிறாள். ‘தி பிரிட்ஜ் ஹோம்’ (2019) நாவலில் சென்னையின் பாழடைந்த பாலமொன்றின் மேல் நான்கு பிள்ளைகள் குப்பை பொறுக்கி வாழ்கிறார்கள். அவர்களில் அருள் தன் குடும்பத்தைக் கடலுக்குக் கொடுத்தவன். இந்நாவல் 2020-இல் வால்டர் டீன் மயர்ஸ் விருது பெற்றது.

இலங்கையில் அழிவு போராக வந்தது. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994), தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையில் வீடிழக்கும் கொழும்புத் தமிழ்ச் சிறுவனின் கதை. வி. வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ (2023), மருத்துவராக விரும்பிய யாழ்ப்பாணத்துச் சசியின் பதின் வயதில் தொடங்குகிறது. 2024-இல் பெண்கள் புனைவுப் பரிசை வென்றது. இவ்விரண்டும் பெரியவர்களுக்கான நாவல்கள் என்றாலும், அவற்றில் பாடுபடுவது பிள்ளைகள்.

தமிழர் எழுதிய இந்த நான்கு நூல்களும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ கொடுங்கோல் எதிர்காலத்தைத் தொடராகச் சொன்னது. ஆனால் அதன் நாயகி நிலா மணமான பெண். பதின் வயதினருக்கென்றே தனி அலமாரி தமிழில் அண்மையில்தான் உருவாகிறது. ‘ஓங்கில் கூட்டம்’ நூல்வரிசை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

பென்னாகரம் பகுதியில்

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம், இத்தகைய கதைப்பொருளுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம். 1876–78 தாது வருஷப் பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாகும்வரை பென்னாகரம் அதில்தான் இருந்தது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தபோது காவிரிக்கரை ஊர்கள் நீருக்குள் போயின. இன்றும் அணையில் நீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரியும். அதற்கு மறுகரையில் இருப்பது பென்னாகரம் வட்டத்து நாகமரை.

தாது வருஷப் பஞ்சத்தைப் பேசும் ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ (2013) ஏய்டன் என்ற அயர்லாந்து அதிகாரியின் பார்வையில் விரிகிறது. கஞ்சித்தொட்டி வரிசையில் தம்பியோடு நின்ற பதினான்கு வயதுப் பெண்ணின் பார்வையிலும் அது எழுதப்பட வேண்டும். பஞ்சக் கும்மிகளும், 1883-இல் லெஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும் அதற்கான தரவுகளோடு இருக்கின்றன.